கப்பியில் ஏறிய பால் பாக்கெட்

மதாம்மா,

இன்று காலை அடைமழையில் அடுத்த கடைக்குத் தேங்காய்நார்க் கயிறு வந்து இறங்கியது. சுருள் சுருளாக நனைந்து வாசலில் கிடந்தது. அந்த ஈர நார் வாசம் மூக்கில் ஏறியதும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சரசு, "என்ன, மயக்கமா?" என்றாள். "இல்லடி, மதாம்மா நினைப்பு" என்றேன். "அதுக்கு எதுக்கு மூட்டையை நசுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கண்ணும் சரியாக இல்லை.

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். நான்காம் வகுப்போடு நின்றவன். இனிமேல் இவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்று வாத்தியாரே சொல்லி அனுப்பியதாகத்தான் இந்தக் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். நீங்களும் நம்பினீர்கள். நம்பியது போலத் தலையாட்டினீர்கள் என்றாவது வைத்துக்கொள்வோம்.

போடியிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு மட்டாஞ்சேரிக்கு வந்து, இந்தக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகி, என் தலைமுடியெல்லாம் இங்கேயே நரைத்தது. நீங்களோ கடல் தாண்டி வந்து, மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்து, ஊருக்குத் திரும்பிப் போகவே மறந்தவர். என்னைவிட மூத்தவராக இருந்தும் என்னை அண்ணா என்பது போலச் சேட்டா என்பீர்கள். மீன்காரனும் சேட்டன், தபால்காரனும் சேட்டன். ஒருமுறை கிடங்குப் பூனையைக்கூட அப்படிக் கூப்பிட்டீர்கள். இது நான் கதை கட்டிச் சொல்வதில்லை, சத்தியம்.

ஊரடங்கு வந்த அந்த வருஷம், மாசி வெயிலில் ஒருநாள் கீழே இறங்கி வந்தீர்கள். கையில் போன். உங்கள் தங்கையோடு பேசிவிட்டு வந்த முகம். "சேட்டா, எங்க ஊர்ல தெருவே இல்ல" என்றீர்கள். தெருவில் ஆளே இல்லை என்பதை உங்கள் தமிழில் அப்படிச் சொன்னீர்கள். "இங்கயும் கதவு அடைக்கும். நாம ரெடி ஆகணும்."

நான் சிரித்தேன். "கொச்சி வெயிலுக்கு எந்தக் கிருமியும் கருகிப்போகும் மதாம்மா. போன தடவை வந்த காய்ச்சலை நான் குறுமிளகு கஷாயம் வச்சே இந்தத் தெருவைவிட்டு விரட்டினேன்" என்றேன். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. அரிசி, சிறுபயறு, தேங்காய் எண்ணெய், சோப்புக் கட்டி, மெழுகுவத்தி என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். தண்ணீர் லாரி வராமல் போனால் என்ன செய்வது என்று அப்போதே கேட்டீர்கள். இந்தப் பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் அது தோன்றவில்லை. மேலே இரண்டு பீப்பாய் ஏற்றினோம். நான் என் புத்திக்கு ரொட்டியும் ஜாமும் கொத்தாக வாங்கி வந்தேன், வெள்ளைக்காரி வேறென்ன தின்பாள் என்று. "எனக்குக் கஞ்சி மதி, அது போதும்" என்று எல்லாவற்றையும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் மூன்று வேளையும் ரொட்டிதான். சரசு என்னைப் பேசிய பேச்சு வைப்பின் தீவு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் நான் அசந்து போனது அதற்கடுத்து நீங்கள் செய்த காரியத்தில். ஊரடங்கு என்ற சொல்லே எங்கள் காதில் விழாத நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு ஒருநாள் முழுக்க உள்ளேயே இருந்து பார்த்தீர்கள். ஒத்திகை! நாடகத்துக்கு ஒத்திகை உண்டு, கல்யாண ஊர்வலத்துக்கு பேண்டுக்காரன் ஒத்திகை பார்ப்பான். அடைந்து கிடப்பதற்கு ஒத்திகை பார்த்த மனுஷியை நான் கண்டதில்லை. மறுநாள் ஜன்னலில் நின்று சொன்னீர்கள்: "சாப்பாடு இருக்கு. அது மேல வர்றதுக்கு வழி இல்ல. யாரும் படி ஏறக் கூடாது, அவங்களுக்கும் நல்லது எனக்கும் நல்லது."

உங்கள் ஜன்னலுக்கு மேலே, அந்தக் காலத்தில் மூட்டை ஏற்றிய உத்தரமும் அதில் துருப்பிடித்த கப்பியும் இருந்ததே, அதைக் காட்டினீர்கள். கப்பியில் எண்ணெய் விட்டது நான். யானை கட்டி இழுத்தாலும் அசையாத சக்கரத்தை ஒற்றை விரலால் சுழல வைத்ததும் நான்தான். சரசு தன் பங்கு மண்ணெண்ணெய் என்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும். நார்க்கயிறு கட்டி, ஒரு மீன் கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவித் தொங்கவிட்டீர்கள்.

அதற்குள் ஊர் மாறிவிட்டது. வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் நோய் என்று பேச்சு. போர்ட் கொச்சியில் ஒரு வெள்ளைக்கார ஜோடி, எந்த விடுதியும் கதவைத் திறக்காமல், பஸ் நிறுத்தத்தில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். நீங்கள் வருஷக்கணக்காக இந்தத் தெருவைத் தாண்டி எங்கும் போகவில்லை என்று யார் யாரிடமோ சொல்லிப் பார்த்தேன். "மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே" என்றார்கள். உங்களுக்கு இந்த அறையை விட்டால் வேறு இடமில்லை. உங்கள் ஊருக்கு விமானமும் இல்லை.

அன்று காலை சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர் சங்கத் தலைவன் ஆன்டப்பன், நான்கு ஆட்களோடு வந்து நின்றான். இந்தத் தெருவில் எந்தச் சுமையும் அவன் ஆட்கள் தோளேறாமல் நகராது, உங்களுக்குத் தெரியும். நாமே தூக்கினாலும் அவன் கை கட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கேட்பான்.

"பாண்டிச் சேட்டா, மதாம்மையை வைகுந்நேரம் ஆறு மணிக்குள்ள இறக்கி விடணும். இல்லெங்கில் நாங்க இறக்கும்."

நான் சிங்கம் போல நடுவில் நின்றேன். சரசுவைக் கேட்டால் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றதாகச் சொல்வாள். எங்கே நின்றாலும் சிங்கம் சிங்கம்தான். ஆனால் நானும் இந்த ஊருக்கு வந்தேறிதானே. இன்றைக்கு மதாம்மா, நாளைக்குப் பாண்டி, அதாவது தமிழன், என்றுதான் எனக்குத் தோன்றியது.

நல்லவேளை, சரசு எதையும் கவனிக்காமல் கூடையில் பால் பாக்கெட்டை வைத்தாள். நீங்களும் கீழே நடப்பது தெரியாதது போல மேலிருந்து கயிற்றை இழுத்தீர்கள். கப்பி கிறீச்சிட்டது. ஆன்டப்பன் தலை நிமிர்ந்தது. பாலோடு அவன் கண்ணும் சேர்ந்து மேலே ஏறியது.

"இதெந்தா? ஆரோட சம்மதத்துல இங்க லோடு ஏறுது?"

"பால் பாக்கெட்டுங்க சேட்டா" என்றாள் சரசு.

"பாலானாலும் பாறையானாலும் கப்பியில ஏறினா லோடு. இந்தத் தெருவுல லோடு ஏத்துறது எங்க ஆளுங்க. அறியாதா?"

"ஒரு பாக்கெட் பாலுக்கு யூனியனா? நாளைக்கு நான் குழம்புச்சட்டியை அடுப்புல ஏத்தினாலும் வந்து நிப்பீங்களோ?"

"அடுப்பு உங்களோடது. கப்பி எங்களோடது!"

நீங்கள் பாதியில் கயிற்றை நிறுத்தினீர்கள். பால் அந்தரத்தில் ஆடியது. ஜன்னலில் சாய்ந்து, கோபமோ பயமோ இல்லாத குரலில் சொன்னீர்கள்: "சேட்டன் சொல்றது ஞாயம். எனக்குத் தெரியாமப் போச்சு. நாளை முதல் நீங்க ஏத்துங்க. காலையிலா, சாயங்காலமா?"

ஆன்டப்பன் மீசையைத் தடவி யோசித்தான். "காலத்து. ஏழு மணி."

பின்னால் நின்றவன் மெதுவாக, "ஆசானே, நம்ம வந்தது வேற காரியத்துக்கல்லோ" என்றான்.

"மிண்டாதிரு! முதல்ல தொழில் காரியம்" என்று அதட்டிவிட்டு, அந்தரத்தில் ஆடிய பாலைத் தன் கையாலேயே இழுத்து மேலேற்றினான். அவ்வளவுதான். உங்களைத் துரத்த வந்தவன், உங்களுக்குப் பால் ஏற்றும் உரிமையை வாதாடி வாங்கிக்கொண்டு போனான். உங்களை இறக்கிவிட்டால் அவனுக்கு வேலை போய்விடும் அல்லவா? கடற்படைக் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு மலையே நகர்ந்து வருவது போல இருக்கும். அன்று கண்டது அதைவிடப் பெரிது.

ஊரடங்கு வந்தது. கடைத்தெருவில் காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. அரிசி லாரிக்கு ஆள் வேண்டும் என்பதால் ஆன்டப்பனுக்கு வெளியே வர அனுமதி இருந்தது. சொன்ன நேரம் தவறாமல் வந்து கயிற்றைப் பிடிப்பான். மேலிருந்து நீங்கள் அவன் முட்டிவலியை விசாரிப்பீர்கள். அவன் கீழே நின்று தன் மகளின் படிப்பு, மாமியாரின் கோபம் என்று எல்லாம் சொல்வான். தெருவில் எவனாவது வாயெடுத்தால், "எங்க யூனியன் மதாம்மையாக்கும்" என்பான். அதற்குமேல் ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு கேட்டேன், வேண்டுமென்றே செய்தீர்களா என்று. நீங்கள் சிரித்தீர்கள். "அவருக்கு ஒரு வேலை வேணும். நான் கொடுத்தேன்." அவ்வளவுதான் விளக்கம். அந்தச் சங்கத்தோடு இத்தனை காலம் மல்லுக்கு நின்றவன் நான். எனக்கு ஒருநாளும் தோன்றாதது, ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்குத் தோன்றியது.

விமானம் ஓடத் தொடங்கியதும் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனீர்கள். நீங்கள் இனி இல்லை என்று உங்கள் தங்கைதான் போனில் சொன்னாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, அழுகை தெரிந்தது.

போன மாதம் இங்கே மறுபடி ஏதோ காய்ச்சல் என்று டிவியில் ஓயாமல் ஓடியது. கிடங்கின் பின்னறையில் வங்காளத்துப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள், கட்டட வேலை. அதில் ஒருவனுக்கு உடம்பு சுட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்து, சாதாரணக் காய்ச்சல்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் எதிர்ச் சாயாக்கடை ஜோசப் வந்து குதித்தான். "இப்பவே காலி பண்ணச் சொல்லணும் சேட்டா. இல்லெங்கில் ஆளைக் கூட்டுவேன்."

பழைய நானாக இருந்தால் குறுமிளகுக் கஷாயக் கதையை ஆரம்பித்திருப்பேன். அன்று என்னவோ நாக்கு அடங்கியது. "சரி ஜோசப்பே. அதுவரைக்கும் அதுங்களுக்கு ஒரு வாய் சாயா வேணுமே. உனக்குச் சிரமம் எதுக்கு? தெருக்கோடிக் கடைக்காரனை வைக்கச் சொல்றேன்."

"அவனெதுக்கு?" ஜோசப் முகம் சிவந்தது. "என் கடை முன்னால இருக்கறப்போ அவன் சாயா இங்க வருமா? அவன் போடுறது சாயாவா, கழனித்தண்ணியா?"

இந்த யுக்தி முழுக்க என் மண்டையில் உதித்தது என்றுதான் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து மறுக்கப் போவதில்லை.

மறுநாள் விடிந்ததும் ஜோசப் பிளாஸ்கைப் பின்னறை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். போகவில்லை. "எடா, இப்போ எப்படி இருக்கு? இஞ்சி கூடுதல் போட்டிருக்கேன், சூடா குடி" என்று ஹிந்தியும் மலையாளமும் கலந்து கதவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து ஒரு மெலிந்த குரல் பதில் சொன்னது. நான் நின்று கேட்டேன். வாயே திறக்கவில்லை மதாம்மா. நம்ப மாட்டீர்கள், சரசு சாட்சி.