ரூத் வகுப்பில் அம்மா

செவ்வாய்க்கிழமை. விடாத மழை.

தொலைக்கல்வியில வேதாகம முதுகலை படிக்கிறேன்னு பேரு. இன்னைக்கு ஆன்லைன் வகுப்புல, ஏழை விதவை ரூத் அடுத்தவங்க வயல்ல சிந்துன கதிர் பொறுக்குற அதிகாரம். மலையில தேயிலைக் கொழுந்து பறிச்சிட்டு வந்த அம்மா, இடுப்புல கட்டுன நனைஞ்ச படங்குச் சாக்கோட எனக்குப் பின்னால வந்து நின்னாங்க. தோட்டத்து லயத்து வீடும் அவங்களும் தெரியக்கூடாதுன்னு சட்டுனு கேமராவ மூடிட்டேன்.

அப்பத்தான் சார் கேட்டாரு: "நாள் முழுக்கப் பொறுக்கிட்டு வீடு திரும்புற பொம்பளைய யாராவது கிட்டத்துல பார்த்திருக்கீங்களா?"

மூடுன கேமராவ நான் தொறக்கவேயில்ல.

சோறு போடுறப்ப அம்மா கேட்டாங்க, "ஒங்க சாருக்கு என்னயத் தெரிஞ்சுச்சா புள்ள? தலைகூட சீவல நான்."

"தெரிஞ்சிச்சும்மா"ன்னேன். அவங்க முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தக் கேள்விய அவரு இன்னொரு தடவ கேக்க மாட்டாரா?