மூடாமல் விட்ட குழாய்

அன்புள்ள அம்மாவுக்கு, காளியாயி வணங்கி எழுதுவது. அப்பாவின் இருமல் குறைந்ததா? நான் சுகம்.

நான் தங்கிப் படிக்கும் வாத்தியாரம்மா வீட்டில் கிணற்றுத் தண்ணீரை மோட்டார் இரும்புத் தொட்டிக்கு ஏற்றும். தொட்டிக்குள் காற்று இறுகியதும் சுவிட்சு தானாக மோட்டாரை நிறுத்தும். குழாய் திறந்திருந்தால் நிறுத்தாது. நம் தோட்டத்து லயத்துப் பீலியில் மலையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் ஓடும், யாரும் மூடுவதில்லை. அந்தப் பழக்கத்தில் குழாயை மூடாமல் பள்ளிக்கூடம் போய்விட்டேன். நாள் முழுக்க ஓடி மோட்டார் எரிந்துவிட்டது.

“மலைத் தண்ணின்னு நெனச்சியா புள்ள? ஒங்கப்பன வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு” என்றார் வாத்தியாரம்மா.

இப்போது வாளியால் இறைக்கிறேன். கை கொப்பளித்திருக்கிறது, கொஞ்சம் நல்லெண்ணெய் அனுப்புங்கள். அப்பா வந்தால் என்னைத் தேயிலைக் கொழுந்தெடுக்க விட்டுவிடுவார். நீங்கள் வந்து, பரீட்சை வரை என்னை வைத்திருக்கச் சொல்லி வாத்தியாரம்மாவிடம் கேளுங்கள்.

எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன், யாரோ எழுந்துவிட்டார்கள். தங்கச்சி வேலாயி, இதை அம்மாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டு.