ஒரே போனில் பன்னிரண்டு பேர்

வியாழன், இரவு பத்தரை. பிரிக்ஃபீல்ட்ஸ்.

சம்பளச் சீட்டு இல்லாத வியாபாரிகளுக்குக் கடன் கிடைக்க நான் உருவாக்கிய செயலியைப் பார்க்க இன்று முதலீட்டாளர் வந்தார். கிள்ளானில் பூக்கடை வைத்திருக்கும் கமலா அக்காவிடம் நான்தான் பெருமையாக அழைத்துப்போனேன். அக்கா விண்ணப்பித்ததும் திரையில் சிவப்பு எழுத்து வந்தது: ‘மோசடிச் சந்தேகம்’. அக்காவின் முகம் சுண்டிப்போனது.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் கூட்டுக்கு அக்காதான் தலைவி. பன்னிரண்டு பெண்களுக்கும் தன் போனிலேயே கணக்குத் திறந்திருக்கிறார். ஒரு போனுக்கு ஒருவர்தான் என்று விதி எழுதியவள் நான்.

“அவங்ககிட்ட நல்ல போன் இல்ல லா, பாஸ். என்னை நம்பித்தானே அடையாள அட்டை, ஐசிய குடுத்தாங்க? ஏழு வருஷமா ஒருத்தியும் ஏமாத்துனது இல்ல,” என்று அக்கா முதலீட்டாளரிடமே சொன்னார்.

நான் மழுப்பியிருக்கலாம். “தப்பு அக்கா மேல இல்ல சார். ரூல் எழுதுன என் மேலதான்,” என்றேன். முதலீட்டாளர் காரில் ஏறிப் போய்விட்டார்.

எட்டு மணிக்குச் செய்தி அனுப்பினார். தப்பை மறைக்காமல் சொன்னதற்காகவே முதலீடு செய்கிறாராம், நாங்கள் கேட்ட முழுத் தொகையையும். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் முதலில் அக்காவின் கணக்கைச் சரிசெய்துவிட்டு அவருக்குத்தான் போன் போட்டேன்.

“சந்தோஷம்மா. மத்தவங்களுது?” என்றார்.

ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது பெயர் பச்சையாகிவிட்டது. இன்னும் மூன்று. என் பதிலுக்கு முதலீட்டாளர் காத்திருக்கட்டும்.