தெக்னீசியமும் அப்பாவின் கைகளும்

வியாழன், இரவு.

இன்று உயர்தர வகுப்பில் தெக்னீசியம் படிப்பித்தேன். இயற்கையில் அநேகமாகக் கிடைக்காது, மனிதன் அணு உலையில் உண்டாக்கும் மூலகம். ஆஸ்பத்திரிகளில் ஊசியாக ஏற்றும் வகையின் கதிர்வீச்சு ஆறு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும் என்று கரும்பலகையில் கணக்கும் போட்டேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ஊசி போட்ட ஆளுக்குக் கிட்ட எப்ப போகலாம் மிஸ்?"

"அடுத்த நாளே போகலாம்" என்றேன். யோசிக்கவே இல்லை.

அப்பாவுக்குக் கொழும்பில் எலும்பு ஸ்கானுக்காக அந்த ஊசி போட்டது சனிக்கிழமை. அன்றைக்கு மட்டும் குழந்தைகளைத் தூக்க வேண்டாம் என்றுதான் தாதி சொன்னார். நான் அப்பாவிடம், "நான் சொல்லுமட்டும் பிள்ளையைத் தொடாதேங்கோ" என்றேன். பிறகு சொல்லவே இல்லை. கணக்குத் தெரிந்தும் பயமாக இருந்தது. என் மகன் கையை நீட்டும்போதெல்லாம் அப்பா முற்றத்துக்கு இறங்கிப் போனார். ஸ்கான் முடிவு இன்னும் வரவில்லை. அது நல்லதாக வராவிட்டால் இந்த நாட்களை எங்கே போய் எடுப்பேன்?

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், "இனித் தூக்கலாம் அப்பா" என்றேன்.

"உண்மையாவோ? இன்னும் ரெண்டு நாள் பொறுப்பமே, பிள்ளை?"

"தேவையில்லை."

எப்போதிலிருந்து தூக்கியிருக்கலாம் என்று அவர் கேட்கவில்லை. கிணற்றடிக்குப் போனார். கடலுக்குப் போன காலத்தில் மீன் மணம் போகக் கழுவுவதுபோல, முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். மணந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் கழுவினார். கழுவ அந்தக் கைகளில் ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.