கிழக்குச் சுரங்கத்தின் சம்மதம்

நாள் 811. காலை 07.20

எண்கள் ஒன்றைச் சொல்லி, மனிதர்கள் வேறொன்றைச் சொன்னால் எதை நம்புவது? இருபத்திரண்டு ஆண்டுகள் வகுப்பில் இதைக் கேட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நழுவியிருக்கிறேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் மங்கையர்க்கரசி. அரசியல் அறிவியல் ஆய்வாளர். செவ்வாய்க் கோளின் இந்த நிலத்தடிக் குடியிருப்பில் மேற்கு, வடக்கு, கிழக்கு என மூன்று சுரங்கங்கள், என்னைத் தவிர்த்து 312 பேர். சென்ற வாரம் காற்று இயந்திரம் ஒன்று நின்றுவிட்டது. அடுத்த கப்பலுக்குப் பதினான்கு மாதங்கள். அதுவரை காற்றை மிச்சப்படுத்த 64 பேர், உடலைக் குளிர்வித்து வைக்கும் உறைதூக்கத்தில் கிடந்தாக வேண்டும். உறைதூக்கத்துக்குப் போகிறவர்களில் ஒன்பதில் ஒருவர் எழுவதில்லை.

குடியிருப்பை நடத்தும் கணினியை எல்லோரும் நிர்வாகி என்கிறார்கள். அது இரண்டு வழிகளை வைத்தது. கிழக்கில் இருப்பவர்கள் சரியாக 64 பேர். அவர்களைத் தூங்கவைத்து அந்தச் சுரங்கத்தை மூடுவது. அல்லது 312 பெயர்களையும் போட்டுக் குலுக்குவது. முதல் வழிக்கு மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் தேவை. கருத்தறிவது என் வேலை. நடுநிலைக்காக எனக்கு வாக்கில்லை. குலுக்கலில் பெயரும் இல்லை.

முதலில் கணக்கெடுப்பு, பிறகு பேட்டிகள். அந்த வரிசையை வகுத்தது நான்.

நாள் 812. காலை 09.05

கேள்வி எல்லோரும் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கைப்பட்டைக்குப் போனது. பச்சை சம்மதம், சிவப்பு மறுப்பு. முடிவு: 312-இல் 291 பச்சை. கிழக்கிலேயே 64-இல் 57.

நிர்வாகி: "முடிவு ஏற்கப்பட்டது. கிழக்குச் சுரங்கம் நாள் 817-இல் மூடப்படும்."

அந்த 57-ஐ நான் நம்பவில்லை. பூமியிடம் கேட்க வழியில்லை. சூரியன் நடுவில் நிற்கிறது. இன்னும் பதினோரு நாட்களுக்குத் தொடர்பு கிடையாது.

நாள் 814. காலை 11.40

பதினான்கு பேட்டிகள் முடிந்தன. எல்லாம் கிழக்கில். வால்வுப் பணியாளர் பவுலினின் பேட்டியிலிருந்து:

"பட்டை அதிர்ந்தா பச்சைய அமுக்கணும் டீச்சர். அப்பத்தான் அன்னைக்கு எந்த வால்வுல வேலைன்னு காட்டும். சிவப்ப அமுக்குனா குளிக்கத் தண்ணி கட். வருசம் ரெண்டாச்சு, கை தன்னால போகுது. யாரு அதெல்லாம் வாசிக்கா?"

"அப்போ உங்களுக்குச் சம்மதம் இல்லையா?"

"நல்லாக் கேட்டிய போங்க. இதக் கேக்கத்தான் அத்தன படிப்பு படிச்சியளா? எங்கள மட்டும் சுத்திச் சுத்தி வாரியளே, மேக்க இருக்கவங்கள கேட்டியளா?"

நேரமில்லை என்றேன். அதுவும் பதிவாகியிருக்கிறது.

நாள் 814. மாலை 15.30

பதில் தர எடுத்த நேரத்தைப் பார்த்தேன். கேள்வியை வாசிக்கவே இருபது வினாடி ஆகும். முக்கால்வாசிப் பேர் இரண்டு வினாடியில் அழுத்தியிருக்கிறார்கள். தினசரி வேலைப் பட்டியலுக்கும் அதே இரண்டு வினாடி. பவுலின் சொன்னதும் எண்களும் அச்சு அசலாகப் பொருந்தின. ஒரு கணம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை நினைத்தால் கூசுகிறது.

நிர்வாகி: "பதினான்கு பேட்டிகள் மாதிரியாக ஏற்கப்படாது. நேரத் தரவு ஏற்கப்படுகிறது. மறு கணக்கெடுப்புக்கு ஒரு முறை மட்டும் அனுமதி."

நாள் 815. காலை 10.00

மூன்று சுரங்கங்களிலும் ஒலிபெருக்கியில் நானே பேசினேன். ஒன்பதில் ஒருவர் என்றால் ஏழு பேர், மறுத்தால் எல்லோர் பெயரும் குலுக்கலில் என்று சொன்னேன். பொத்தான்களை இடம் மாற்றிவிட்டேன். முப்பது வினாடிக்கு முன் அவை வேலை செய்யாது. கேள்வியை இரண்டு எளிய வாக்கியங்களாக்கினேன். இதைவிடச் சுத்தமான கணக்கெடுப்பை நான் நடத்தியதில்லை.

நாள் 816. மாலை 16.00

பச்சை 212. தேவை 208.

கிழக்கில் 64 பேரும் சிவப்பு. மற்ற 248 பேரில் சிவப்பு 36 தான். சராசரி நேரம் 48 வினாடி. வாசித்திருக்கிறார்கள். யோசித்திருக்கிறார்கள்.

மேற்குப் பயிர்க்கூடத்தின் அருணகிரி, தினமும் என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுபவர், உள்தொலைபேசியில் அழைத்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மொதல் தடவ பாக்காம அமுக்கிட்டேன். நேத்து நீங்க பேசினப்பறம்தான் குலுக்கல்ல எம் பசங்க பேரும் இருக்கும்னு வெளங்குச்சு, யோசிச்சுப் பச்சைய அமுக்குனேன். நல்லாப் புரிய வெச்சீங்க."

மேற்கில் ஒருவரைக்கூட நான் பேட்டி எடுக்கவில்லை. பொய் கிழக்கில்தான் இருக்கிறது என்று முன்பே முடிவு கட்டியிருந்தேன். ஒரே ஒரு பேட்டி. அருணகிரியிடம். சாப்பாட்டு மேசையிலேயே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மட்டும்

தெரியாது.

நாள் 816. மாலை 17.10

நிர்வாகி: "முடிவு முறையாகப் பெறப்பட்டது என ஆய்வாளர் உறுதி செய்க."

முறையில் குறை தேடினேன். இல்லை. முதல் முடிவில் இருந்தது. அதைச் சரிசெய்ததும் நான்தான். நான் மறுத்தால் பழைய 291 செல்லும் என்கிறது நிர்வாகி.

பச்சையை அழுத்தினேன்.

நாள் 817. காலை 11.15

நடந்தது இது. 09.00 மணிக்குக் கிழக்கில் இருந்தவர்கள் வரிசையாக உறைகூடத்துக்கு வந்தார்கள். அருணகிரி வரவில்லை. பவுலின் கடைசியில் நின்றார். கைப்பட்டையைக் கழற்றி என் கையில் வைத்தார். "இத நீங்க வச்சிக்கிடுங்க டீச்சர். உள்ள கொண்டு போனா அதிர்ந்துட்டே கெடக்கும்," என்றார்.

10.40: 64 பேரும் உறைதூக்கத்தில். 10.52: ஆளில்லாத கிழக்குக்குக் காற்று நிறுத்தப்பட்டது.

11.00 மணிக்குப் பட்டை அதிர்ந்தது. கிழக்கு மூன்றாம் வால்வு, பணிக்குத் தயாரா? பச்சை, சிவப்பு.

நான் எதையும் அழுத்தவில்லை. இதை எழுதும்போதும் அது அதிர்ந்துகொண்டிருக்கிறது.