உமிச்சாம்பல் போர்த்திய இரும்பு

இன்று காலை மில்லில் நெல் கொட்டும் வாயிலிருந்த காந்தத்தைக் கழற்றித் துடைத்தேன். இரண்டு ஆணி, ஒரு கம்பித் துண்டு ஒட்டியிருந்தன. அதே காந்தத்தோடு, நீ கொடுத்துவிட்டுப் போன இரண்டு பாட்டில்களையும் அலமாரியிலிருந்து இறக்கினேன். நீ கேட்ட ஒரு வருஷம் இன்றோடு முடிகிறது.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் பத்தாவதோடு நின்றேன், நீ காஞ்சிபுரத்தில் காலேஜ் வாத்தியார் ஆனாய். உத்திரமேரூர் வரை வந்து உமிச்சாம்பல் கேட்டபோது சிரித்தேன். கூலி கொடுத்து அள்ளச் சொல்லும் சரக்கு அது. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்மேல், சாம்பலிலிருந்து எடுத்த கண்ணாடி மாதிரி ஒரு தோல் போர்த்தப் போவதாகச் சொன்னாய். சாயத் தண்ணீரில் விட்டால் துகள் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், காந்தத்தால் வெளியே இழுத்துவிடலாம் என்றாய்.

மூன்றாவது முறை முகம் வாடி வந்தாய். காந்தத்தை வைத்தும், நீ கொண்டுவந்த பாட்டிலுக்குள் கறுப்புத் துகள் அசையத் தயங்கியது. சாம்பல் சரியில்லை, இந்த வேலையையே விடப்போகிறேன் என்றாய். என் சரக்கைக் குறை சொன்னால் விடுவேனா?

"ஒரு கிலோவுல இரும்பு எவ்ளோ கீது, தோலு எவ்ளோ கீது?"

துருப்பிடிக்குமோ என்ற பயத்தில் ஒவ்வொரு முறையும் தோலைத் தடிமனாக்கியதை அப்போதுதான் ஒப்புக்கொண்டாய்.

"தோலு காந்தத்துக்கு வருமாடா? உமி தடிச்ச நெல்லை வாங்கிக்கினு அரிசி கொறையுதுன்னு அழுவுற."

டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாய். ஒரு மாதம் கழித்து மெல்லிய தோலோடு வந்தாய். காந்தத்தைக் காட்டியதும் கறுப்பு மொத்தமும் கண்ணாடியில் வந்து அப்பியது. எடுத்ததும் பரவிவிட்டது. பிடி விட்டதே, மட்டமான சரக்கா என்றேன். அவ்வளவு பொடியாக இருந்தால் காந்தம் விலகியதும் தன் இழுப்பை மறந்துவிடும், மறக்காவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும் என்று விளக்கினாய்.

ஆனாலும் உன் பயம் போகவில்லை. தோல் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று கொடுத்தாய்.

"காலேஜ்ல எவனாவது கொட்டிடுவான். உங்கிட்ட இருக்கட்டும். மெல்லிசு ஒரு வருஷம் தாங்குதான்னு பாத்துச் சொல்லு."

ஐந்தாம் மாதமே மாரடைப்பில் போய்விட்டாய்.

ஆகவே எழுதிச் சொல்கிறேன். தோல் போடாதது பழுப்பேறி அடியில் கட்டி தட்டிவிட்டது. மற்றது இன்னும் கறுப்பு. நான்கு முறை காந்தம் வைத்தேன். நான்கு முறையும் வந்தது, நான்கு முறையும் பரவியது. மெல்லிசு தாங்கிடுச்சுடா.

நாளை காஞ்சிபுரம் பஸ்ஸில் உன் காலேஜுக்குப் போகிறேன். உன்னிடம் படித்து இப்போது உன் வேலையைத் தொடரும் பெண்ணிடம் காட்ட இரண்டு பாட்டிலும் என் மடியில் இருக்கும். காலடியில் ஒரு மூட்டைச் சாம்பல். நீ குறை சொன்ன அதே சாம்பல்.