மூன்று வாய்களில் ஒரே ஊகம்

மார்ச் 3, 2009, செவ்வாய்

கைப்பேசியை வாசலில் பூட்டிவைத்துவிட்டு உள்ளே போகிற வேலையில் இருந்துகொண்டு வீட்டில் நாட்குறிப்பு எழுதுவதே குற்றம். அதனால் நான் கண்காணிக்கும் ஊரின் பெயர் இங்கே வராது.

எல்லா உளவுத் துறைகளும் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையப் பொதுப் பக்கத்தில் இன்று என் ஊகத்தையும் போட்டேன். அந்த ஊரில் உரக் கிடங்கு வைத்திருக்கும் ஒருவன் வெடிகுண்டு செய்பவர்களுக்கு உரம் கொடுக்கிறான் என்று. ஆதாரம் கிடையாது. லாரிகள் வேளைகெட்ட வேளையில் வந்துபோவது உறுத்தியது, அவ்வளவுதான். யாருக்காவது கூடுதலாகத் தெரிந்தால் சொல்லட்டுமே. அதற்குத்தானே அந்தப் பக்கம்?

மார்ச் 10

வேறு இரண்டு துறைகளின் அறிக்கையிலும் அதுவே இருக்கிறது! என் மேலாளர் லோர்னா எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தார். "மூணு எடத்துலேர்ந்தும் ஒரே சேதி, மார்லிஸ். இன்னும் என்ன யோசனை? மேல அனுப்பு."

அனுப்பிவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று மட்டும் கேட்டுவிட வேண்டும்.

மார்ச் 12

அந்த இரண்டு துறைகளில் ஒன்றில் இருக்கும் டெஸ்மண்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உனக்கு யார் சொன்னது?"

"என்ன, கிண்டலா? நீதான். பொதுப் பக்கத்துல நீ எழுதுனதப் பாத்துதான் போட்டேன். உனக்கு அங்க உள்ளுக்குள்ள ஆள் இருக்குன்னு நெனச்சேன்."

மூன்றாவது துறை? டெஸ்மண்டின் அறிக்கையிலிருந்து எடுத்ததாம்.

ஐயோ. மூன்று பேர் சொல்லவில்லை. நான் சொன்னதே சுற்றிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறது.

லோர்னாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கேட்டார்: "சரி, அவன் தப்பு பண்ணலேன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது.

"அப்பறம்?"

அப்புறம் என்ன? ஒருவேளை பண்ணியிருந்தால் — நான் தடுத்துவிட்டு, நாளைக்கு எங்காவது வெடித்தால்?

மார்ச் 13

பொதுப் பக்கத்தில் என் பெயரிலேயே எழுதிவிட்டேன்: 'இது என் ஊகம். வேறு ஆதாரம் எதுவும் இல்லை.'

மார்ச் 18

திங்கட்கிழமையே கிடங்குக்காரனைப் பிடித்துவிட்டார்கள். என் வரியை யாரும் படிக்கவில்லையா? படித்துவிட்டும்தான் பிடித்தார்களா?

இன்று ஒப்புக்கொண்டானாம். லோர்னா தோளைத் தட்டினார். "பாத்தியா? சும்மா பயந்து செத்தே."

வாக்குமூலத்தைப் படித்தேன். நான் எழுதிய வாக்கியங்கள், நான் எழுதிய அதே வரிசையில். தெரிந்ததைத்தான் சொன்னானா? இல்லை, அவர்கள் படித்துக் காட்டியதற்குத் தலையாட்டினானா? தலையாட்டும்வரை என்ன செய்தார்கள்?

பொதுப் பக்கத்தைத் திறந்தேன். என் மறுப்பை யாரோ நீக்கியிருந்தார்கள். ஆதாரங்களின் பட்டியலில் அந்த வாக்குமூலமும் சேர்ந்திருந்தது. மறுபடி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை. அது உண்மையாகவே இருக்குமோ என்று இப்போது எனக்கே தோன்ற ஆரம்பித்திருக்கிறது.